பத்தாவது கையொப்பம்

அரியக்குடி என்றதும் இசையன்பர்களுக்கு இராமாநுஜ ஐயங்கார் நினைவுக்கு வருவார். 1890இல் பிறந்து 1967இல் மறைந்த அப்பெரியார், கச்சேரி மேடைக்கு இன்றுவரை நிலைத்து நிற்கும் ஓர் ஒழுங்கை வகுத்துத் தந்தவர். ஊரின் பெயரையே தம் பெயராக ஆக்கிக்கொண்டவர். இசையறியாத ஏனையோர்க்கு அரியக்குடி என்றால் குத்துவிளக்கு. காரைக்குடிக்கு அண்மையிலுள்ள இச்சிற்றூரின் பட்டறைகளில் வார்த்துக் கடைந்து மெருகேற்றிய பித்தளை விளக்குகள் எத்தனையோ இல்லங்களில் சுடர் விடுகின்றன. பெயர் பெற்ற இவ்வூரில் பெயர் பெறாத ஒருவரைப் பற்றி வாசக அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறோம். உள்ளபடி கூறுவதானால், அவருக்கு நாம் இழைத்த ஒரு பிழையைப் பற்றியே சொல்ல வந்தோம்.

அவர் விளக்குப் பட்டறையில் கடைசல் வேலை செய்பவர். பத்தாம் வகுப்புக்குமேல் படிக்க வாய்ப்பில்லாதவர். நாற்பதை எட்டிக்கொண்டிருந்த வயது. நம் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளிக் குடியிருந்தார். 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது பேருந்துகள் ஓடாமல் நின்றன. அஞ்சல் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற நமக்கு இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துபோயிற்று. கேட்காமலே மிதிவண்டியை எடுத்துக்கொண்டு காரைக்குடி சென்று வாங்கிவந்தவர் அவரே. பணத்தை நீட்டியபோது, சீட்டில் எழுதியிருந்த விலைக்குமேல் ஒரு ரூபாயும் பெற்றுக்கொள்ளவில்லை.

அவருடைய மகளும் நம் பேரனும் ஒரே அரசுப் பள்ளியில் படித்தார்கள். மகளும் மருமகனும் தொழில் நிமித்தம் வெளியூரில் இருந்தமையால், பேரனுக்குப் பாதுகாவலர் நாமே. அப்பள்ளியில் சில குறைகள் இருந்தன. ஓர் ஆசிரியர் இடம் நிரப்பப்படாமல் நீண்ட நாள் கிடந்தது. கழிவறை இருந்தது, அதற்குத் தண்ணீர் வரவில்லை. வளர்ந்த பெண் பிள்ளைகள் காலையில் தண்ணீர் குடியாமல் பள்ளிக்குச் செல்லப் பழகிக்கொண்டார்கள். நம் துணைவியார் இதைச் சொன்னபோது, “காலம் அப்படி” என்று கூறிச் செய்தித்தாளைப் புரட்டினோம். நம் அண்டை வீட்டாரோ மனு எழுதத் தொடங்கினார். எழுத்துப் பிழை திருத்தித் தரும்படி நம்மிடமே கொண்டுவருவார்.

2019 டிசம்பரில் ஊராட்சித் தேர்தல் நடைபெற்றது நினைவிருக்கும். ஒவ்வொருவர் கையிலும் நான்கு சீட்டுகள் கொடுத்தார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சிக்கு மஞ்சள். முதல் இரண்டிலும் கட்சிச் சின்னம் கிடையாது. அத்தேர்தலில் அவர் வார்டுக்கு நின்று மிகச் சில வாக்குகளில் தோற்றார். தோற்ற மறுநாள் வழக்கம்போல் பட்டறைக்குச் சென்றார்.

2021 மார்ச்சு மாதம் சட்டமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்தது. பன்னிரண்டாம் தேதி மனுத்தாக்கல் தொடங்கிப் பத்தொன்பதாம் தேதி முடியவிருந்தது. பதினேழாம் தேதி மாலை அவர் நம் திண்ணைக்கு வந்து அமர்ந்தார். கையில் ஒரு பழுப்பு நிற உறை.

“ஐயா, காரைக்குடித் தொகுதிக்கு நிற்கலாமென்று இருக்கிறேன்” என்றார்.

நமக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, “தம்பி, வார்டிலேயே கிட்டவில்லை. சட்டசபை எதற்கு?” என்று வினவினோம்.

“ஊராட்சியில் கேட்டால் ஒன்றியம் என்கிறார்கள். ஒன்றியத்தில் கேட்டால் மாவட்டம் என்கிறார்கள். மாவட்டத்தில் கேட்டால் சென்னையில் முடிவாக வேண்டும் என்கிறார்கள். நான் ஜெயிக்கப் போவதில்லை, ஐயா. ஆனால் வேட்பாளர் என்று ஆகிவிட்டால் பதினைந்து நாள் ஊர் ஊராகப் போய்ப் பள்ளிக்கூடங்களைப் பற்றிப் பேசலாம். பெரிய வேட்பாளர்களும் பதில் சொல்லியாக வேண்டும் அல்லவா?”

வைப்புத்தொகை பத்தாயிரம் ரூபாய். அது அவருடைய மனைவியார் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்குமேல் பெறாவிடில் அத்தொகை திரும்பாது. அது தெரிந்தே அந்த அம்மையார் எடுத்துக் கொடுத்திருந்தார்.

உறையிலிருந்து தாளை எடுத்தார். அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு முன்மொழிபவர் ஒருவர் போதும். கட்சியில்லாத தனி மனிதருக்கோ பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். அப்பத்துப் பேரும் அத்தொகுதியின் வாக்காளராக இருத்தல் வேண்டும். வாக்காளர் பட்டியலில் அவரவர் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் சரியாகக் குறிக்கப்பட வேண்டும். ஒன்பது பேர் ஒப்புக்கொண்டிருந்தார்கள். பத்தாவதாக நம்மைக் கேட்டார்.

“படித்தவர் ஒருவர் பெயர் இருந்தால் எனக்கு ஒரு தெம்பு, ஐயா.”

“நாளை மறுநாள் காலையில் வா, போட்டுத் தருகிறோம்” என்று வாக்களித்தோம்.

இந்தப் பத்துப் பேர் விதி தமிழ்நாட்டோடு தொடர்புடையது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். 1996ஆம் ஆண்டு ஈரோடு மாவட்டத்து மொடக்குறிச்சித் தொகுதியில், தம் குறைகளை நாடறியச் செய்யும் பொருட்டு உழவர்கள் கூட்டங்கூட்டமாக வேட்பு மனு அளித்தார்கள். களத்தில் நின்றவர் 1,033 பேர்! வாக்குச்சீட்டைப் புத்தகம்போல் அச்சிட வேண்டியதாயிற்று; தேர்தலையே ஒரு மாதம் தள்ளிவைத்தார்கள். அக்காலத்தில் வைப்புத்தொகை வெறும் 250 ரூபாய். அவ்வாண்டே சட்டம் திருத்தப்பட்டு, வைப்புத்தொகை உயர்ந்தது. கட்சி சாராதவர்க்குப் பத்து முன்மொழிவோர் என்ற விதியும் வந்தது. விளையாட்டாய் நிற்பவர்களைத் தடுக்க அவ்வேலி தேவைதான். ஆயினும் அதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கட்சியில்லாத ஏழை ஒருவன் நிற்க முனைந்தால், அவனுடைய துணிவு மட்டும் போதாது. அயலார் பத்துப் பேருக்கும் துணிவு இருந்தாக வேண்டும்.

நமக்கு அத்துணிவு இல்லாமற் போயிற்று. பதினெட்டாம் தேதி இரவு மருமகன் தொலைபேசியில் அழைத்தார். அவர் சாலை வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்பவர். எல்லாக் கட்சியாரிடமும் நல்லபடி இருக்க வேண்டியவர். செய்தி எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருந்தது.

“மாமா, நாளைக்கு யார் வந்தாலும் உங்கள் கையெழுத்தைக் காட்டி என்னைத்தான் கேட்பார்கள். எனக்குப் பிழைப்பு இருக்கிறது” என்றார்.

இரவெல்லாம் உறக்கமில்லை. மகளின் குடும்பம் ஒரு பக்கம். கொடுத்த வாக்கு ஒரு பக்கம். உண்மையைச் சொல்லி மறுத்திருந்தாலும் அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். விடிந்ததும் நாம் செய்தது அதனினும் இழிவானது. “ஐயாவுக்குக் காய்ச்சல், எழுந்து வர முடியவில்லை என்று சொல்லிவிடு” எனத் துணைவியாரிடம் கூறி உள்ளறையில் படுத்துக்கொண்டோம். கொரோனா அச்சம் பரவியிருந்த நாள் ஆகையால், காய்ச்சல் என்றால் எவரும் கதவைத் தாண்டி வரமாட்டார்கள். வாசலில் அவர் குரல் கேட்டது. “அம்மா, ஐயாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏதும் வேண்டுமானால் சொல்லி அனுப்புங்கள்” என்று கூறிவிட்டு மிதிவண்டியை மிதித்துக்கொண்டு விரைந்தார். மாலை மூன்று மணியோடு மனுத்தாக்கல் முடிகிறது. துணைவியார் அன்று முழுவதும் நம்மோடு பேசவில்லை.

மறுநாள் மனுக்கள் பரிசீலனை. நமக்குப் பதிலாக அவசரத்தில் ஓர் உறவினரிடம் கையொப்பம் வாங்கியிருக்கிறார். அவ்வுறவினரோ வீடு மாறி, பெயரையும் அடுத்த தொகுதிப் பட்டியலுக்கு மாற்றிக்கொண்டவர். அதை அவரும் நினைவில் வைத்திருக்கவில்லை; இவரும் சரிபார்க்கவில்லை. பத்தில் ஒன்று செல்லாது. எனவே மனுவும் செல்லாது. தேர்தல் அலுவலர் விதிப்படியே செய்தார். அவர்மேல் குறை கூறுவதற்கில்லை. மனு தள்ளப்பட்டால் வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கும் என்பதொன்றே அந்த அம்மையாருக்கு ஆறுதல்.

அன்று மாலை அவர் நம் வீட்டு வாசலுக்கு வந்தார். கையில் ஒரு சொம்பு. “நிலவேம்புக் கஷாயம், அம்மா. வீட்டில் காய்ச்சினாள். ஐயாவுக்குச் சூடாகக் கொடுங்கள்” என்று வாசற்படியில் வைத்துவிட்டு, தொலைவில் நின்றபடியே மனு தள்ளப்பட்ட செய்தியையும் சொல்லிச் சென்றார். அக்கஷாயத்தை நாம் குடித்தோம். அதன் கசப்பு இன்னும் நாவில் இருக்கிறது.

அதன்பின் பல நாள் நாம் பழைய செய்திகளைத் தேடிப் படிக்கலானோம். நம்மை நாமே தேற்றிக்கொள்ள, “இத்தகையோர் நின்று என்ன ஆகப்போகிறது” என்பதற்குச் சான்று தேடினோம் என்பதே உண்மை. கிடைத்த சான்றுகளோ நமக்கு எதிராகவே இருந்தன.

சிவகங்கை, விருதுநகர்ப் பகுதிகள் யாவும் 1985 வரை இராமநாதபுரம் மாவட்டமாக ஒன்றாயிருந்தவை. அதன் ஜில்லா போர்டு, சாலை, மருத்துவமனை, பள்ளிக்கூடம் ஆகியவற்றை நடத்தி வந்த அமைப்பு. ‘போர்டு ஸ்கூல்’ என்று முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1928இல் அப்போர்டின் தலைவரான ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனார், தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்டார். ஓர் உள்ளூர் அமைப்பின் ஒரு தாள், மக்களின் மானத்தைக் காத்தது. அதே போர்டின் தலைவராக இருந்த இராசபாளையம் குமாரசுவாமி ராஜா 1949இல் சென்னை மாகாண முதலமைச்சரானார். பின்னர் மாவட்டப் போர்டுகள் மறைந்து, தொடக்கப் பள்ளிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்புக்கு வந்தன.

காரைக்குடித் தொகுதியையே எடுத்துக்கொள்வோம். 1939இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தோற்றுவித்த சா. கணேசன் 1962இல் இத்தொகுதியில் வென்றார். 1989இல் திரைப்பட இயக்குநர் இராம நாராயணன் வென்றார். நம் அண்டை வீட்டார் நிற்க முயன்ற அதே 2021இல் வென்ற மாங்குடி, முன்னர் அருகிலுள்ள சங்கராபுரம் ஊராட்சியின் தலைவராக இருந்தவர். ஊராட்சி மன்றத்துப் பாயிலிருந்து கோட்டைக்குச் செல்லும் வழி மூடிக் கிடக்கவில்லை என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

கடல் கடந்தும் ஒரு சான்று கிடைத்தது. அமெரிக்காவில் பள்ளிகளை நடத்தப் பெரும்பாலான இடங்களில் மக்களே கல்விக் குழுவினரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் நிலக்கடலை வேளாண்மையும் வாணிகமும் செய்த ஒருவர் தம் வட்டாரக் கல்விக் குழுவில் பணியாற்றினார், அதன் தலைவருமானார். 1962இல் மாநில மேலவைக்கு நின்றார். முதலில் தோற்றதாக அறிவித்தார்கள். ஒரு சிற்றூரின் பெட்டியில், வாக்களித்தவர் தொகையைவிடச் சீட்டுகள் மிகுதியாக இருந்தன! சோர்ந்து வீட்டில் அமராமல் முறையிட்டு, நீதி பெற்று, உறுப்பினரானார். அவரே 1977இல் நாட்டின் அதிபரான ஜிம்மி கார்ட்டர். 2024 டிசம்பரில் நூறாம் வயதில் மறைந்தார். தேர்தல் குழப்பம் அங்கே மட்டும் உள்ளதன்று. 2020 ஜனவரியில் சங்கராபுரம் ஊராட்சித் தலைவர் தேர்தலில் இருவருக்கு வெற்றிச் சான்றிதழ் வழங்கப்பட்டு, வழக்கு நீதிமன்றம் ஏறியது. சிற்றூர்த் தேர்தல்தானே என்று எவரும் எளிதாக எண்ணலாகாது.

இனி, கதைக்கு வருவோம். இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறிற்று. அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் என்பது அதன் விதி. தாளில் கிடந்த இவ்விதிக்குத் தமிழ்நாட்டில் 2022இல் உயிர் வந்தது. அவ்வாண்டு மார்ச்சு 20ஆம் நாள் ஞாயிறன்று மாநிலமெங்கும் அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் நடைபெற்றது. அடுத்த சில மாதங்களில் குழுக்கள் மாற்றியமைக்கப்பட்டன. உறுப்பினர் இருபது பேர். அவர்களுள் பதினைந்து பேர் பெற்றோர். தலைவர் பதவி பெண்ணுக்கே.

நம் பேரனின் பள்ளியில் குழு அமைக்கும் நாளன்று நாமும் சென்றிருந்தோம். பிள்ளைகள் அமரும் பலகைகளில் பெற்றோர் நெருக்கி அமர்ந்திருந்தார்கள். உறுப்பினராக விரும்புவோர் எழுந்து நிற்குமாறு தலைமையாசிரியர் கேட்டார். எழுந்தவர்களுள் நம் அண்டை வீட்டாரும் ஒருவர். சட்டமன்றத்துக்கு நிற்க முனைந்தவன் பள்ளிக்கூடக் குழுவுக்கு நிற்கிறானே என்று பின்னாலிருந்து யாரோ நகைத்தார்கள். அவர் திரும்பிப் பார்த்துத் தாமும் நகைத்தார். “கழிவறைக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தாலும் சரிதான், அண்ணே” என்றார். யார் முன்மொழிவது என்ற பேச்சு எழுந்தது. நம் கை தானே உயர்ந்தது. ஓராண்டு தாழ்ந்து உயர்ந்த கை அது.

விளக்குகளுக்கு மெருகு போடும் ஒரு தாய் தலைவரானார். கையெழுத்திட மட்டுமே அறிந்தவர் என்றாலும், கணக்கில் ஒரு பைசா பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார். அன்று வீடு திரும்பும் வழியில், நாம் அவரைத் தனியே நிறுத்தினோம். அந்தக் காய்ச்சல் பொய் என்பதை நடுங்கும் குரலில் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. மிதிவண்டி மணியை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, “வருத்தமாகத்தான் இருக்கிறது, ஐயா. சொல்லியிருந்தால் முதல் நாளே வேறு ஆள் பார்த்திருப்பேன்” என்றார். அவ்வளவுதான் கடிந்து சொன்னது. “ஆனாலும் பத்தாவது பேரின் பாகம் எண்ணைச் சரிபார்க்காதது என் தப்பு” என்று முடித்தார். கிளம்பும்போது திரும்பி நின்று, “குழுவுக்குக் குறிப்பேடு எழுத, மனு எழுத ஆள் இல்லை. வருவீர்களா?” என்று கேட்டார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. வேலை கொடுத்தார்.

கூட்டம் மாதத்தின் முதல் வெள்ளியன்று பிற்பகல். முதல் வெள்ளித் திருப்பலியை ஒருபோதும் தவறவிடாத நம் துணைவியார், “காலையில் கோவில், மாலையில் பள்ளிக்கூடம், இரண்டும் ஒரே நாளில் அமைந்தது நல்லதுதான்” என்றார். ஓராண்டுக்குப் பின் அவர் நம்மிடம் முகமலர்ந்து பேசியது அன்றுதான் என்று தோன்றுகிறது.

முதல் கூட்டத்திலேயே தண்ணீர்ப் பேச்சு வந்தது. மனு மேல் மனு அனுப்பியும் அசையாத காரியம், குழுவின் தீர்மானமாகத் தலைவரின் கையொப்பத்தோடு சென்றபோது அசைந்தது. நான்கு மாதங்கள் ஆயின. ஆயினும் குழாயில் தண்ணீர் வந்தது. இடையில் நின்றுவிட்ட ஒரு சிறுவன் பட்டறையில் கரி அள்ளிக்கொண்டிருந்தான். அவன் வீட்டுக்கு மூன்று முறை சென்றார்கள். நான்காம் முறை அவன் தாயே அழைத்துவந்து விட்டார். நிரப்பப்படாத ஆசிரியர் இடம் மட்டும் குழுவின் கைக்கு எட்டவில்லை. அதற்கான முடிவு மேலேதான் எடுக்க வேண்டியிருந்தது. “இதற்காகத்தான் அன்று நிற்கப் பார்த்தேன்” என்று அவர் ஒருநாள் சொன்னார். அதில் கசப்பு இல்லை, கணக்குத்தான் இருந்தது. சிலவற்றை ஊரிலேயே முடிக்கலாம். சிலவற்றுக்குக் கோட்டைக்குத்தான் போக வேண்டும். இரண்டு இடத்திலும் நம்மவர் வேண்டும்.

இதைக் கண்ட கட்சியார் சிலர் அவருக்கு ஒரு பொறுப்புத் தர முன்வந்தார்கள். அவர் ஏற்கவில்லை. “பட்டறை, பள்ளிக்கூடம் இரண்டுக்கே பொழுது போதவில்லை, மூன்றாவதற்கு அரைகுறையாகத்தான் உழைப்பேன்” என்றார். அப்போது நமக்குக் காமராசர் நினைவு வந்தது. 1941இல் அவர் வேலூர்ச் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். விடுதலையாகி வந்தவர், முழுமையாக உழைக்க இயலாத பதவியை வைத்துக்கொள்ளலாகாது எனக் கருதி, அதைத் துறந்தார். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட அவரே பின்னாளில் முதலமைச்சராகி, மதிய உணவால் ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்தார். பதவியை எப்போது விடுவது என்று அறிந்தவரே அதை எதற்குப் பெறுவது என்றும் அறிந்திருக்கிறார்.

2024இல் குழுக்கள் மீண்டும் மாற்றியமைக்கப்பட்டன. அதற்குள் நம் பேரன் வேறு பள்ளிக்குச் சென்றுவிட்டான். ஆனாலும் குறிப்பேட்டைப் புதியவரிடம் ஒப்படைக்கச் சென்றோம். முதல் பக்கத்தில் நம் கையெழுத்தில் இருபது பெயர்கள். ஒவ்வொன்றையும் வாக்காளர் பட்டியல்போல் இருமுறை சரிபார்த்து எழுதியிருந்தோம்.

அன்பர்களே, தேர்தலுக்கு நிற்பவரைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். தகுதியுள்ளவர் எவரும் முன்வருவதில்லை என்று பெருமூச்சு விடுகிறோம். முன்வந்த ஒருவர் தாளை நீட்டியபோது உள்ளறையில் போர்த்திப் படுத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தோமா? மருமகனின் அச்சத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவருக்குப் பிழைப்பு உண்டு, பிள்ளைகள் உண்டு. ஆயினும் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லும் நேர்மையாவது நம்மிடம் இருந்திருக்க வேண்டும்.

அவர் மறுபடியும் சட்டமன்றத்துக்கு நிற்பாரா என்று நாம் கேட்கவில்லை. கேட்காமலே ஒன்று செய்து வைத்திருக்கிறோம். வாக்காளர் பட்டியலில் நம் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, துணைவியாரின் செப மாலைப் பெட்டியில் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு முறை பட்டியல் திருத்தம் வரும்போதும் எடுத்துச் சரிபார்க்கிறோம். அவர் வந்து கேட்டால் தேட வேண்டியதில்லை.